எல்லா வாய்தாவுக்கும் வருகிறோம்

அனுப்புநர்:
அ. அமிர்தவள்ளி (வயது 66),
க/பெ. அந்தோணி (காலமானார்),
மாதா கோயில் தெரு, மாதனூர்,
ஆம்பூர் வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உள்துறைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.
(வழி: மாவட்ட ஆட்சியர், திருப்பத்தூர்)

பொருள்: முதியோரைத் தேடிப் பிடித்துத் திருடுவோருக்கும் ஏமாற்றுவோருக்கும் கூடுதல் தண்டனை விதிக்கச் சட்டத் திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இதுவரை அரசுக்கு மனு எதுவும் எழுதியதில்லை. முதல் மனுவையே மகிழ்ச்சியான மனநிலையில் எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் தவறாக எண்ண வேண்டாம். காரணத்தைக் கீழே பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறேன்.

1. சென்ற ஆண்டு ஆடி மாதம் ஆம்பூர் கடைத்தெருவில் நான் தனியாக நடந்து சென்றபோது, இருசக்கர வண்டியில் வந்த ஒருவன் என்னை நிறுத்தினான். வழக்கு நிலுவையில் உள்ளதால் அவனை எதிரி என்றே குறிப்பிடுகிறேன். "அம்மா, நான் மஃப்டி போலீஸ். முன்னாடி சங்கிலி அறுக்குறவனுங்க நிக்கிறானுங்க. உங்க புள்ள மாதிரி சொல்றேன், கழட்டிக் குடுங்க, பேப்பர்ல மடிச்சுத் தர்றேன்" என்றான். கொடுத்தேன். மடித்துத் தந்தான். நன்றியும் சொன்னேன். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சரளைக்கல் இருந்தது. அந்தச் சங்கிலி என் சொந்தச் சம்பாத்தியத்தில், தீபாவளி போனசில் நானே வாங்கியது.

2. என் மகன் ஜான்சன் நல்லவன். ஆயினும் விவரம் தெரிந்ததும், "இனிமே தனியா எங்கயும் போவாத, வீட்லயே இரு" என்றான். கண்டிப்பாக அல்ல, கவலையோடுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து சந்தை, கோயில், தங்கை வீடு எதற்கும் நான் துணை தேட வேண்டியதாயிற்று. பிறர் கேட்பார்களே என்ற வெட்கத்தில் புகார் கொடுக்கவில்லை. வெறுங்கழுத்து தெரியாமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டே இருந்தேன். சங்கிலி போனதைவிட இது எனக்குப் பெரிய இழப்பு என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

3. எங்கள் பக்கத்து வீட்டில் வசிப்பவர் திருமதி பட்டம்மாள், வயது 71. அவர் ஒருநாள், "இன்னா அமிர்தம், இந்த வெயில்ல போத்திக்கினு இருக்கே? ஜுரமா?" என்று கேட்டார். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். "அடிப்பாவி, எனக்கும் கல்லுதான்டி குடுத்தான்! நானும் யாருகிட்டயும் சொல்லல!" என்றார். ஒரே ஆளிடம், ஒரே தெருவில், ஒரே பேச்சில் ஏமாந்த இருவரும் சுவருக்கு இருபுறமும் தனித்தனியே வெட்கப்பட்டுக் கிடந்திருக்கிறோம். பல வாரங்களுக்குப் பிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மறுநாளே இருவரும் காவல் நிலையம் சென்று புகார் அளித்தோம்.

4. கார்த்திகை மாதம் ஒரு மாலை, இருவரும் ஆம்பூர் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து, "உங்க புள்ள மாதிரி சொல்றேன்" என்ற குரல் கேட்டது. திரும்பினால் அதே எதிரி. திருமதி ஷஹீன் பானு என்னும் மூத்த பெண்மணியின் வளையலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தான். நான் என்னால் இயன்ற அளவு உரக்க, "போலீஸ் சார்! எங்க சங்கிலியையும் பத்திரமா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவன் வண்டியை நோக்கி ஓடுவதற்குள் திருமதி பட்டம்மாள் சாவியை உருவித் தம் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். அவ்வேளை வேலை முடிந்து வந்த கம்பெனி பஸ் ஒன்று நெரிசலில் நின்றிருந்தது. அதிலிருந்த பெண்களில் பலர் என்னோடு வேலை செய்தவர்கள். "ஏய், நம்ம அமிர்தக்கா!" என்று கூவிக்கொண்டு பஸ்ஸே காலியாகும்படி இறங்கி வந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அடிக்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

விரைந்து வந்த பெண் ஆய்வாளர், "இன்னாம்மா, நீங்களே புடிச்சிட்டா நாங்க எதுக்கு?" என்று சிரித்தார். ஷஹீன் பானு அவர்களின் வளையல் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. எங்கள் சங்கிலிகளும் பின்னர் மீட்கப்பட்டு, நீதிமன்றம் வழியாக எங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. காவல்துறைக்கு எங்கள் நன்றி உரித்தாகுக.

5. இனி என் குறை. எதிரி சில வாரங்களில் பிணையில் வந்துவிட்டான். முதல் வாய்தா அன்று நீதிமன்ற வாசலில் என்னிடம் வந்து, "ஆயா, வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு கோர்ட்டு? ரெண்டு வாய்தாவுக்கு மேல நீங்கல்லாம் வரமாட்டீங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு உறைத்தது. எங்களை அவன் தேர்ந்தெடுத்ததே இந்தக் கணக்கில்தான்: வயதானவர்கள் துரத்தி ஓட மாட்டார்கள், வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் வழக்கு முடியும்வரை தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

நான், "தம்பி, நான் ரிட்டையர் ஆயிட்டேன். எனக்கு வேற வேலையே இல்ல. எல்லா வாய்தாவுக்கும் வர்றேன்" என்றேன். அவ்வாறே சென்றும் வருகிறோம். ஷஹீன் பானு அவர்கள் கத்தரிக்காய்த் தொக்கு கொண்டு வருவார், நான் சோறு கட்டிக்கொள்வேன், பட்டம்மாள் பேச்சைக் கொண்டு வருவார். வேப்பமரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் மகன் துணையில்லாமலே பஸ் ஏறி வீடு திரும்புகிறேன். என் மகன் இப்போது, "அடுத்த வாய்தா எப்பம்மா?" என்று ஆவலாகக் கேட்கிறான்.

6. ஆனால் எல்லாருக்கும் எங்களைப் போல் முழங்காலும் தோழிகளும் அமைவதில்லை. ஏமாற்றப்பட்டவரின் முதுமையைக் கருதிக் கூடுதல் தண்டனை விதிக்க இவ்வழக்கில் தனிப் பிரிவு ஏதும் இல்லை என்று வழக்குரைஞர் தெரிவித்தார். எனவே, அறுபது வயது கடந்தவர்களைக் குறிவைத்துச் செய்யப்படும் திருட்டுக்கும் மோசடிக்கும் தண்டனையை உயர்த்தவும், அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு எளிதில் பிணை கிடைக்காமல் செய்யவும், இவ்வழக்குகளைக் காலவரம்பு வைத்து விசாரிக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நடக்க இயலாதவர்களிடம் வீட்டிற்கே வந்து புகார் பெறவும் ஏற்பாடு வேண்டும்.

7. எங்கள் செய்தியைக் கேள்விப்பட்டு ஆலங்காயத்திலிருந்து ரத்தினசாமி என்னும் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். மறைந்த மனைவியின் கம்மலை இதே வகையில் இழந்து, மகளிடம்கூடச் சொல்லாதிருந்தவர். "நானும் வரலாங்களா?" என்று கேட்டார். புகார் கொடுத்துவிட்டார், அடுத்த வாய்தாவுக்கு எங்களோடு வருகிறார். சட்டம் தம் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் இன்னும் பலர் இப்படி வெளியே வருவார்கள் என்பதே என் உறுதியான நம்பிக்கை.

இத்திருத்தம் நிறைவேறும் நாளில் எங்கள் தெருவில் பாயசம் காய்ச்சுவது என முடிவு செய்துள்ளோம். தாங்கள் அவ்வழியே வர நேர்ந்தால் ஒரு டம்ளர் அருந்திச் செல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகு தருவதால் இது லஞ்சத்தில் சேராது என்று பட்டம்மாள் சொல்கிறார். நான் வழக்குரைஞரிடமும் கேட்டுவிட்டேன், அவர் தமக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கச் சொன்னார்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) அ. அமிர்தவள்ளி

உடன் ஒப்பமிடுவோர்:
பட்டம்மாள், மாதனூர்
ஷஹீன் பானு, ஆம்பூர்

இடம்: மாதனூர்
நாள்: 17.03.2025