மஞ்சள்காமாலை இல்லாத நாற்பது நாள்

கடைசியில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தே விட்டது. கேட்டால் நீ சிரிப்பாய். முந்தாநாள் மேரி சேச்சி என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ஐயோ சாமி, நல்ல மஞ்ஞயாணல்லோ" என்றாள். அன்று முதல் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கக் கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலக்கிக் கொண்டு வருகிறாள். நான் குடித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகர்வதில்லை. கீழே குடியிருக்கும் தையற்காரரின் மனைவி அவள். இப்போது எனக்கு இருக்கும் ஒரே வைத்தியரும் அவள்தான், ஒரே விருந்தாளியும் அவள்தான். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது. படுத்தபடி உத்தரக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பச்சைக் கசப்பு தொண்டையில் இறங்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. வராமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வியாதியைக் காகிதத்தில் எழுதி என் தலையில் கட்டியவன் நீ அல்லவா.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உன் மகனுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும் என்பதில் எனக்கு ஒரு தைரியம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு பெருங்காயக் கடை இருந்தது என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். பம்பாயிலிருந்து வரும் பச்சைக் காயத்தைப் பிசினும் மாவும் சேர்த்துப் பிசைந்து, கட்டியாக்கி, ஹோட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா காலத்தில் வாடகைக்குப் பிடித்த இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ வருவாய். கறுப்புக் கோட்டைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் படி ஏறுவாய். "இத உள்ள கொண்டுவந்தா நாளைக்கு என் கட்சிக்காராளுக்கெல்லாம் பசி எடுத்துடும்டா" என்பாய். சரக்குப் பெட்டி மேல் உட்கார்ந்து சாயா வரவழைத்து ஏழரை வரைக்கும் பேசுவோம். பள்ளிக்கூடத்தில் அத்தனை மலையாளப் பையன்களுக்கு நடுவில் தமிழ் பேசுகிற இரண்டே பேர் என்று ஒரே பெஞ்சில் ஒண்டிக்கொண்டவர்கள் நாம். வீட்டுக்கு வெளியே நான் தமிழ் பேசியது உன் ஒருத்தனோடுதான்.

கட்டிட முதலாளி தன் மருமகனுக்கு இடம் வேண்டுமென்று என்னைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டபோது, நோட்டீசை நேராக உன் கையில்தான் கொடுத்தேன். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். நீ முறைத்தாய். "எங்காத்துக்குக் காயம் கொடுத்ததுக்கு நீ என்னிக்காவது காசு வாங்கியிருக்கயா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று நீ ஒரு சின்னத் தொகையாவது வாங்கியிருக்கலாம். ஃபீஸ் கட்டிய கட்சிக்காரனின் பெயரைத்தான் உன் குமாஸ்தா டயரியில் ஏற்றுவார். கெடு நெருங்கினால் உன்னைப் பிடித்து உலுக்குவார். நானோ சிநேகிதன். என் கேஸ் கட்டு உன் ஆபீசுக்கே போகவில்லை. உன் வீட்டு அலமாரியில், உன் அம்மாவின் மருந்துச் சீட்டுகளோடு இருந்தது.

முதல் கோர்ட்டில் தோற்றோம். அப்பீல் போட முப்பது நாள். "பயப்படாண்டாம், நான் பாத்துக்கறேன், கேட்டயா" என்றாய். அந்த முப்பது நாளும் நீ தவறாமல் கடைக்கு வந்தாய். உன் தங்கை கல்யாணத்துக்கு யார் சமையல், பாலக்காட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள், மாப்பிள்ளையின் அத்தை எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எல்லாவற்றையும் பேசினோம். அப்பீல் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காசு வாங்காமல் செய்கிறவனிடம் போய்க் கேட்டால் நம்பிக்கை இல்லாதவன் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் மறதியில் என் மரியாதைக்கும் பாதிப் பங்கு உண்டு. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

ஒருநாள் காலை கோர்ட் அமீனா பூட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். நான் உன் வீட்டுக்கு ஓடினேன். முகத்தில் பாதி சோப்போடு வெளியே வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தாய். கெடு முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய். "மறந்துட்டேன்டா" என்றாய். உனக்கு என்னமோ ஆகிவிடப்போகிறது என்று பயந்து நான்தான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்றால் நம்புவாயா? மனுஷன் மறப்பான். நானும் எத்தனையோ மறந்திருக்கிறேன்.

அன்று மத்தியானமே ஓடியாடி, இரண்டு வாரத்துக்கு யாரும் கடையைத் தொடக்கூடாது என்று உத்தரவு வாங்கினாய். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் கோர்ட் அப்பீலை எடுத்துக்கொள்ளும் என்றாய். சாயங்காலம் ஒரு சத்தியவாக்குமூலத்தோடு என் வீட்டுக்கு வந்தாய். மஞ்சள்காமாலையில் எழுந்திருக்க முடியாமல் நான் படுக்கையில் கிடந்ததால் வக்கீலைப் பார்க்க வர முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கூடவே ஒரு டாக்டர் சீட்டு. அந்த டாக்டரை நான் கண்ணால் கண்டதில்லை.

"நான் ஒருநாள்கூடப் படுக்கலையேடா" என்றேன்.

"கோர்ட்ல இது நடைமுறைதான். மஞ்சள்காமாலை இல்லாம ஒரு லேட் அப்பீலும் உள்ள போறதில்லை. ஜட்ஜுக்கே தெரியும்."

"வக்கீல் மறந்துட்டார்னு எழுதப்படாதா?"

 சர்க்கார் வக்கீல் பட்டியலில் உன் பெயர் இருப்பதையும், அடுத்த மாதம் முடிவு தெரியும் என்பதையும் சொன்னாய். "இப்பப் போய் நானே என் கைப்பட எழுதிக் கொடுத்தேன்னா போச்சுடா எல்லாம்" என்றாய். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள். உன் முன்னால் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "ஏன்னா, கையெழுத்துப் போடாண்டாம்" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. கையெழுத்தைப் போட்டேன்.

விசாரணை நாளன்று எதிர்த் தரப்பு வக்கீல் ரொம்பவும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். எத்தனை நாள் படுக்கை, என்ன பத்தியம், கடையை யார் பார்த்துக்கொண்டது என்றெல்லாம் விசாரித்தார். கடை பூட்டிக் கிடந்தது என்று சொல்லச் சொல்லியிருந்தாய். சொன்னேன். அவர் மூன்று பில்களை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து, என் கடை முத்திரை, நான் படுக்கையில் கிடந்ததாகச் சொன்ன நாற்பது நாளுக்குள் விழும் மூன்று தேதிகள். கட்டிட முதலாளியின் ஆட்களே வந்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்கிப் போயிருக்கிறார்கள். ஜட்ஜ் அந்தக் காகிதங்களை முகத்தருகே கொண்டுபோய் வாசனை தாங்காமல் தள்ளி வைத்தார். கோர்ட்டே சிரித்தது. பிறகு அவர் என்னைப் பார்த்து மலையாளத்தில், இந்த மனுஷர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். எனக்கும் உனக்கும் நடுவில் ஐந்தடி தூரம் இருக்குமா? நீ எழுந்து நின்று, தவறு என்னுடையது, இவர் எனக்காகச் சொன்னார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கடை திரும்பக் கிடைக்காமலே போயிருக்கலாம். அதைப் பற்றி இல்லை. பொய்யன் என்று அத்தனை பேர் முன்னால் நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். நீ ஒரு புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் திருப்பினாய். அடுத்த பக்கத்தையும் திருப்பினாய். மனு தள்ளுபடி ஆயிற்று.

கடை போனதைக்கூடச் சமாளித்திருப்பேன். வேறு சந்தில் வேறு இடம் பிடித்திருப்பேன். ஆனால் பஜார் ரோட்டில் வாய்வார்த்தையில்தான் சரக்கு நகரும் என்று உனக்குத் தெரியும். கோர்ட்டில் ஜட்ஜ் சொன்னது எனக்கு முன்னால் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பம்பாய்க்காரர் முழுப் பணமும் முன்கூட்டி அனுப்பச் சொன்னார். இருந்த சரக்கின் பேரில் வாங்கிய கடனுக்காக வீட்டைக் கொடுத்தேன். மகள் காலேஜிலிருந்து நின்றாள். இரண்டு வருஷத்துக்குள் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை எடை பார்த்து எழுதும் சம்பளக்காரன் ஆனேன். மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம் ஆனதும் மனைவி அவளோடு போய்விட்டாள். பிரிந்துபோனாள் என்று சொல்ல முடியாது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவள் திரும்பவில்லை, அவ்வளவுதான். அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒருநாளும் அவள் குத்திக் காட்டியதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒருமுறை உன் குமாஸ்தா ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தார். பணம். திருப்பி அனுப்பினேன். வீறாப்புக்காக இல்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அது இல்லை.

சாயங்காலம் ஆறு மணியானால் என்னை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. கிடங்கிலிருந்து நடந்து மட்டாஞ்சேரி ஜெட்டிக்குப் போய் எர்ணாகுளம் படகில் ஏறுவேன். அங்கே இறங்க மாட்டேன். அதே பலகையில் உட்கார்ந்து அதே படகில் திரும்பி வருவேன். பக்கத்தில் மனுஷர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். டிக்கெட் கொடுக்கிறவர் முதலில் விசித்திரமாகப் பார்த்தார், பிறகு கேட்காமலே இரண்டு டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார். எத்தனையோ நாள் அந்தப் போக்குவரத்தில் நான் வாயைத் திறந்ததே இல்லை. தமிழில் பேசாமல் ஒரு மாதம் போய்விட்டது என்று திடீரென்று ஒருநாள் உறைக்கும்.

அப்படி ஒரு மழை நாளில்தான் நீ அந்தப் படகில் ஏறினாய். சர்க்கார் வக்கீல் வேலையெல்லாம் முடிந்து, நெஞ்சுவலி வந்து, நீ பிராக்டிசையே விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டிருந்தேன். கோட்டு இல்லாமல் உன்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே இருட்டாக இருந்தது. பஜார் ரோட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேராவது இருந்தார்கள். நீ என் எதிரில் உட்கார்ந்தாய். படகு நடுவுக்கு வந்ததும், மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். எல்லோருக்கும் புரியவேண்டும் என்றுதானே மலையாளத்தில் சொன்னாய்? இவருக்கு அன்று வியாதி ஒன்றும் இல்லை, அப்பீல் கொடுக்க மறந்தது நான், என் பெயரைக் காப்பாற்ற இவரைப் பொய் சொல்ல வைத்ததும் நான் என்று சொன்னாய்.  "அன்னிக்கே நான் எழுந்திருந்திருக்கணும்டா" என்று கடைசியில் எனக்கு மட்டும் தமிழில் சொன்னாய்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. படுத்தால் எழுந்தால் அதுதான் நினைப்பு. நீ அதை எப்படிச் சொல்வாய், நான் எப்படி உன் கையைப் பிடித்துக்கொள்வேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கையில் வந்து விழுந்தபோது, நான் உன்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்தக் காரியம் சாரே? எனிக்கு ஒந்நும் ஓர்மையில்லல்லோ" என்றேன். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லையே என்று. மலையாளத்தில். சார் என்று வேறு.

யாரோ ஒருவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி உனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஜாடை காட்டினார். டிக்கெட்காரர், "இரிக்கு சாரே, வீழும்" என்று உன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.  எர்ணாகுளத்தில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தாய். நான் வழக்கம்போல இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆடி மாதத்தில் நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றேன். உன் மகன் என்னை யாரென்று விசாரித்தான். பழைய கட்சிக்காரன் என்றேன்.

படகில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிறைந்த சபையில் நிற்பவனை ஒருத்தரும் நம்பாமல் போனால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியவேண்டும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். தெரிந்துகொண்டுதான் போனாய். கோர்ட்டில் நான் சொன்ன பொய் நீ எழுதிக் கொடுத்தது. அதை உன் கணக்கில் தள்ளிவிட்டு இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன். படகில் சொன்ன பொய்யை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்கு ஓர்மை இருந்ததுடா.