வெங்காயக் கொட்டிலில் தொங்கும் கலியாணப் பூ

ஆலங்குடா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

என் மூத்த மகள் கமீலாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஸும்ராவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. லெஸ்டரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். துஆ கேட்கிறார், அப்படியென்றால் வாப்பாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. கோபம் தலைக்கு மேல் நிற்கிறது. போனில் கதைத்தால் நான் குரலை உயர்த்தியதும் சிக்னல் இல்லை வாப்பா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதி, லீவு முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்பும் முபாரிஸின் கையில் கொடுத்து விடுகிறேன். இதற்குச் சிக்னல் தேவையில்லை, கடைசி வரி வரைக்கும் வாசி.

முதலில் பூக் கதையைச் சொல்கிறேன். தங்கச்சியின் கலியாணத்துக்குப் பிளாஸ்டிக் பூ வேண்டாம், கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற பூவும் வேண்டாம், நம் தோட்டத்திலேயே வளர்த்துக் காயவைத்துச் செய்வோம், ஒக்டோபரில் லெஸ்டரில் இலை உதிரும்போது மரங்கள் என்ன நிறமோ அதே நிறத்தில் மேடை இருக்கட்டும் என்று ஆரம்பித்தது நீ. இங்கே எந்த மரம் நிறம் மாறி இலை உதிர்க்கிறது, தென்னை மட்டை விழுந்தால் தலை தப்பியதே என்று ஓடுகிறவர்கள் நாங்கள். ஆனாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கலியாணத்துக்கெல்லாம் பூ அலங்காரம் செய்கிறவள் சொல்கிறாளே என்று, வெங்காயத் தோட்டத்தில் நல்ல பாத்தியாகப் பார்த்து விட்டுக்கொடுத்தேன். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் செவ்வந்தியும் போட்டேன். வெங்காயக்கார அபூசாலி இந்தப் போகம் மாலை கட்டி விற்கப்போகிறாராம் என்று பள்ளிவாசல் முன்னால் நின்று சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். முதல் முறை அறுத்த பூவை உன் உம்மா காயவைக்கச் சொல்லித் கடற்கரையில் கருவாடு போடுகிற தாஹிரின் வாடிக்கு அனுப்பிவிட்டாள். காயவைப்பது என்றால் நமக்கு வெயிலும் உப்பும்தானே. தாஹிரும் சொன்ன வேலையைக் குறைவில்லாமல் செய்தான், சாளை மீனுக்குப் பக்கத்துப் பாயில் பரப்பி, புழு வைக்காமல் இருக்கட்டும் என்று உப்பும் தூவி, மொட்டை வெயிலில் காயவிட்டு அனுப்பினான். வந்தது பூவா பொரித்த வெங்காயமா என்று தெரியவில்லை, நிறமெல்லாம் வெளுத்துப்போய், வாசலில் வைத்ததும் அக்கம்பக்கத்துப் பூனையெல்லாம் கூடிவிட்டது. நீ வீடியோவில் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம்தான் வெயில் படாமல், காற்றோட்டமான இருட்டில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்றாய். அதை முதலிலேயே சொல்வதற்கு என்ன, வெங்காயத்தை நாங்கள் வேறு எப்படித் தொங்கவிடுகிறோம்? இப்போது கொட்டிலில் வெங்காயப் பிடிக்குப் பக்கத்தில் பூப் பிடியும் தொங்குகிறது. ஸும்ரா கடற்கரையில் உருண்டு திரிகிற இராவணன் மீசைப் புல்லைப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறாள், காய்ந்த தென்னம்பாளையும் வைத்திருக்கிறாள். வாடாமல்லி அறுத்த அன்றைய நிறத்திலேயே நிற்கிறது, கோழிக்கொண்டை இருண்டு செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் ஆன பிறகு நீ சொல்கிறாய், தங்கச்சியின் கலியாண மாதம் எனக்கு இங்கே நாலு கலியாணம் இருக்கிறது, வர முடியாது, மேடையையும் கைப்பூவையும் படமாக வரைந்து அனுப்புகிறேன், பார்த்து யாராவது கட்டட்டும் என்று. யாராவது என்றால் யார் மகள்? எனக்கு வெங்காயம் பிடி கட்டத்தான் தெரியும், உன் உம்மாவுக்கு அதுவும் தெரியாது. பெயர் தெரியாத பெண்களுக்கெல்லாம் பூக் கட்ட நேரம் இருக்கிறது, கூடப் பிறந்தவளுக்கு இல்லையா? ஸும்ரா உன் படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை. தாத்தா கமீலா வந்து கட்டினால் கட்டட்டும், இல்லாவிட்டால் ஒருத்தரும் தொடக் கூடாது என்று கொட்டிலைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். என் கொட்டிலில் வெங்காயம் எடுக்க நான் அவளிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அந்தக் கிழமை முழுவதும் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். சீமைக்குப் போனதும் கண் மேலே போய்விட்டது என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். உன் உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. உன் மாமி றஹ்மத் உம்மா வந்து, காய்ந்த பூவைக் கலியாண வீட்டில் வைக்கிறதா, எல்லாவற்றையும் தூக்கி வீசிவிட்டு நல்ல பூ எடுப்பியுங்கள் என்று ஆரம்பித்தார். மூத்த பிள்ளை யோசித்துச் செய்தது, அது இருக்கட்டும் என்றேன். பேச்சு முற்றியதும் வாயை விட்டுவிட்டார். புருசன உட்டுட்டு வந்தவள் கட்டின பூவையா புதுப்பொண்ணுட கைல குடுக்கப் போறீங்க, மாப்பிள்ள ஊட்டாக்கள் மொகத்தச் சுளிச்சா என்ன செய்வீங்க, அதுக்குத்தான் நானே போன் எடுத்து அவள வரவேணாமெண்டு சொன்னேன் என்றார். குசினிக்குள் அடுப்படியில் உம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள், வெளியே வரவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மூத்தவர், கூடப் பிறந்த தாத்தாவென்றும் பார்க்காமல் அவரை நான் என்ன சொன்னேன் என்று எழுதினால் இந்தப் பேப்பர் தாங்காது. உம்மாவோடு இன்று வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவள் அழுதுகொண்டே உன் அறையைத் துடைத்து ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அவர்கள் இரண்டு பேரையும் விட உன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். கை நீட்டி அடித்தவனை வேண்டாம் என்று விட்டு வந்தாய். விவாகரத்து விசாரணையில் காதியார் முன்னால் நிமிர்ந்து நின்று கேட்டதற்கெல்லாம் நீயே பதில் சொன்னாய், பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவள் மாமியின் ஒரு போனுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, நாலு கலியாணம் என்று என்னிடம் பொய் சொல்கிறாயா? தங்கச்சிக்கு உன்னால் கெட்ட பேர் வேண்டாம் என்று ஒதுங்கினாயாம். யார் உன்னை ஒதுங்கச் சொன்னது? நான் சொன்னேனா? நீ செய்ததில் ஒளிக்க என்ன இருக்கிறது? 

மாமி வந்து போன மறுநாள் விடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் மதுரங்குளிக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளை ஆகிபின் வாப்பா இன்ஷாப் ஹாஜியாரும் மாப்பிள்ளையின் உம்மாவும் வீட்டில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது, நான் தொடவில்லை. என் மூத்த பிள்ளை இப்படி இப்படி, புருசனை விட்டு வந்தவள், அவள்தான் மேடையும் பூவும் செய்ய வேண்டும், பிடிக்காவிட்டால் இப்போதே சொல்லுங்கள், நான் எழும்பிப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, ஊர் கதைக்கும்தான், எங்கட சொந்தத்துக்குள்ளேயும் கதைக்கும், ஆனா மருமகள்ட தாத்தாவ ஒளிச்சு வெச்சு என்னத்துக்கு ஒரு கலியாணம், வரச்சொல்லுங்க என்றார். அதன் பிறகுதான் தேத்தண்ணியைக் குடித்தேன், ஆறிப்போய் இருந்தது.

ஆகையால் வராமல் இருக்க இனி உனக்குச் சாட்டு ஒன்றும் இல்லை. மழை தொடங்கினால் பூ ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும், அதனால் முந்தி வா. விமானத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே, குளிர் ஜாக்கெட்டை இங்கே தூக்கிக்கொண்டு வந்து வேர்க்காதே. மாமி உன் முகத்தைப் பார்க்காவிட்டாலும் நீ போய் ஸலாம் சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், யாருக்கும் பயப்படாத மனதையும் தரட்டும், ஆமீன்.

இன்னொன்றையும் நினைவில் வை. நிக்காஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்குக் கட்டித் தந்தேன் என்று சொல்ல வேண்டியவன் நான். பூக் கட்டத்தான் ஆள் வேண்டும் என்றால் கொழும்பிலிருந்து யாரையாவது கூட்டி வந்துவிடுவேன். உள்ளே ஸும்ராவுக்குப் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் வரைக்கும், மௌலவி எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். இதை மாமியிடமும் சொல்லிவிட்டேன், மதுரங்குளியிலும் சொல்லிவிட்டேன். ஸும்ராவிடம் சொன்னபோது, நல்லது வாப்பா, அப்படியே இருங்க என்றாள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத வாப்பா,
அபூசாலி