மலையாட்டு ஈரல்

பிப்ரவரி 11, நாரின் நகரம்
மகள் பெர்மெத் இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. பன்னிரண்டு நாளாகிறது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு நானே தலை வாரிவிடுகிறேன்.

பிப்ரவரி 14
நாத்தனார் காலிபா வந்தாள். உட்கார்ந்ததுமே பழைய கதை: மசக்கையில் நான் மலையாட்டு ஈரல் கேட்டது, என் கணவர் தாலாய் பனியில் மூன்று நாள் அலைந்து ஆட்டைச் சுட்டுக் கொண்டுவந்தது. தாய் எதற்கு ஆசைப்பட்டாளோ அதன் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பிறகு பெர்மெத்தின் அறையை எட்டிப் பார்த்து, "மலையாட்டு ஈரல்ல உருவானவ நீ. இப்படிச் செம்மறி மாதிரி சுருண்டு கெடக்க வெக்கமா இல்ல?" என்றாள்.

வெட்கப்பட வேண்டியவள் நான். வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 15
இங்கேயாவது எழுதுகிறேன். அந்த மசக்கையில் எனக்கு எதன் மேலும் ஆசை இருக்கவில்லை. சாப்பாடு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், வயிற்றில் இருந்தவளும் — ஆமாம், அவளும் வேண்டாம். என்ன வேணும், என்ன வேணும்னு எல்லாரும் கேட்டு உசுர எடுத்தாங்க. கிடைக்காத ஒன்றைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று ஈரல் கேட்டேன். அந்த மனுஷன் கொண்டே வந்துட்டார். தின்றுவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 19
பெர்மெத்தை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். கர்ப்பத்தின்போது எப்படி இருந்தீர்கள் என்று டாக்டர் ஐனாஷ் கேட்டார். நன்றாக இருந்தேன் என்றேன். தாலாய் பெருமையாக ஈரல் கதையைச் சொன்னார்.

திரும்பும் வழியில் பெர்மெத் மெதுவாக, "அப்பா அவ்ளோ கஷ்டப்பட்டாரு. நான்தான் கோளாறாப் பொறந்துட்டேன்" என்றாள்.

அப்போதும் சும்மா இருந்தேன். நானெல்லாம் ஒரு தாயா?

பிப்ரவரி 20
தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தாய்க்கு அப்போது மனச்சோர்வு இருந்திருந்தால் பிள்ளைக்குப் பின்னாளில் வரும் வாய்ப்பு கூடலாம், ஆனால் அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அது உங்கள் குற்றமும் இல்லை, நோய் என்றார். குற்றம் இல்லையாம். நெஞ்சு ஒப்பவில்லை.

பிப்ரவரி 22
இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அவளே வேண்டாம் என்று நான் நினைத்ததையும். தாலாய் எழுந்து வெளியே போனார்.

பெர்மெத், "அப்புறம் எப்படிம்மா சரியாச்சு?" என்று கேட்டாள்.

"முழுசா ஆகலடி."

பிப்ரவரி 26
தாலாய்தான் எங்களை மருத்துவமனையில் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பேச்சு அதிகம் இல்லை. யாருக்குப் பார்க்க வேண்டும் என்று பதிவேட்டுக்காரி கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பெர்மெத் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும். அம்மா பேர மொதல்ல எழுதுங்க."