ஒக்டோபரில் மட்டும் வந்தீர்கள்

அண்ணை,

இன்று காலை வீட்டு வாசலில் பைப்புக்குக் காற்றடிக்கிற கொம்பிரசரைப் போட்டார்கள். அந்த இரைச்சலும், எரிந்த பெற்றோல் புகையோடு கலந்து வரும் ஈரமண் மணமும் ஜன்னலால் உள்ளே வந்ததும் கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன். ஒரு கணம் நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் கம்பனியிலிருந்து வந்த கியூபெக் பொடியன் ஒருவன். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு, "பொன்ஜூர் மடாம், சாவா?" என்றான். இந்த வேலைக்கு வருகிறவர் வாயைத் திறந்து சுகம் விசாரிப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அஹுன்ட்சிக் பகுதியில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது என்னைவிட உங்களுக்குத்தான் சந்தோசம் கூட. சாமான் இறக்கி முடியமுன்னமே பின்வளவைச் சுற்றி நடந்து காலால் அளந்தீர்கள். "இவ்வளவு புல்லுக்கும் நீ வேலையால வந்து ஹோஸ் பிடிச்சுக்கொண்டு நிக்கப் போறியோ? நான் நிலத்துக்குக் கீழால பைப் போட்டுத் தாறன். விடியத் தானாத் தண்ணி அடிக்கும்" என்றீர்கள். உங்களுக்கு அப்போது சொந்தமாக ஒரு வான் வண்டியும், தோட்டக் குழாய் போடுகிற சின்னத் தொழிலும் இருந்தன. செயின்ட்-மிஷேலில் நீங்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரு பிடி புல்லும் இல்லை. ஊரில் உள்ள எல்லோருடைய புல்லுக்கும் குழாய் போட்டீர்கள்.

அந்தக் கோடையில் நாங்கள் இருவருமாகத்தான் அந்த வேலையைச் செய்தோம். காஸ் லைன் போகிற இடத்தில் மஞ்சள் கொடி குத்தி விட்டிருந்தார்கள். அதற்குக் கிட்ட இயந்திரம் கொண்டுபோகக் கூடாது என்று மண்வெட்டியால் வெட்டினீர்கள். நான் கறுத்தப் பைப்பைச் சுருளிலிருந்து விரித்து விரித்துக் கொடுத்தேன். என் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து வந்து மேலே படுத்திருந்தார். "மெல்லமாக் கதை, மச்சான் நித்திரை" என்று நீங்கள் எனக்குச் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. அவருடைய நித்திரையில் உங்களுக்கு அவ்வளவு கவனம்.

பைப்பை இழுக்க வசதியாக நான் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். மறந்துதான் சுருட்டினேன். நீங்கள் கண்டுவிட்டீர்கள்.

"என்ன உது கையில?"

"உங்கட மச்சானைக் கேளுங்கோ."

நீங்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மேல்மாடி ஜன்னலைப் பார்த்தீர்கள். ஏறிப் போவீர்கள் என்று நினைத்தேன். போய்க் கத்துவீர்கள், குறைந்தது அவரை எழுப்பவாவது செய்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் திரும்பவும் குனிந்தீர்கள்.

"கோவத்தில ஆம்பிளையள் கை நீட்டுறதுதான் பிள்ளை. நீயும் கொஞ்சம் வாயைக் குறை. அந்த நுனியைப் பிடி பாப்பம்."

பிடித்தேன். பின்னேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபோது தெளிப்பான்கள் ஒவ்வொன்றாக நிலத்திலிருந்து தலை நீட்டின. என் மகள் சட்டையோடு நனைந்து கத்திக்கொண்டு ஓடினாள். என் கணவரும் எழும்பி வந்து உங்கள் தோளில் தட்டினார். நீங்கள் இருவரும் வாசற்படியில் இருந்து பியர் குடித்தீர்கள். நான் உங்களுக்கு மீன் பொரித்துக்கொண்டு வந்து தந்தேன்.

அடுத்த பனிக்காலத்தில்தான் நான் பொலிசைக் கூப்பிட்டேன். அன்று அவர் மகளின் முன்னால் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். மகள் சத்தமே போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போடாததுதான் என்னை ரெலிபோன் எடுக்க வைத்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் நீங்கள் வந்தீர்கள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் மிதியடியில் நின்றீர்கள். பனி உருகி உங்கள் காலைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

"பொலிசுக்கு ரெலிபோன் அடிச்சனியோ?"

"ஓம்."

"எனக்கெல்லோ முதல்ல அடிச்சிருக்க வேணும்?"

"உங்களுக்குத்தான் முதல்லயே காட்டினனான், அண்ணை."

அதைக் கேட்டதும் உங்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "எங்கட குடும்ப மானத்தைத் தெருவில விட்டிட்டாய். அவனைத் திரும்ப வீட்டுக்குள்ள எடு. எடுக்கும் மட்டும் உன்னோட எனக்குக் கதையில்லை" என்றீர்கள். கதவைக்கூட அடிக்கவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனீர்கள்.

நான் அவரை எடுக்கவில்லை. நீங்கள் உங்கள் சொல்லைக் காப்பாற்றினீர்கள்.

மகளின் பிறந்தநாளுக்கு வரவில்லை. நான் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தபோது வரவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் மற்ற வாசலால் போனீர்கள். வீட்டை இனி எப்படிக் கொண்டு நடத்தப் போகிறேன் என்று விளங்காமல் திரிந்த அந்த வருடம், ஒக்டோபர் மாதம், உங்கள் வான் மட்டும் என் வாசலில் வந்து நின்றது.

நான் வெளியே ஓடி வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. கொம்பிரசரை இறக்கி, அதன் குழாயைச் சுவரிலிருந்த பைப் வாயோடு பூட்டினீர்கள். நிலம் உறைய முன்னம் பைப்புக்குள் நிற்கும் தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பனியில் வெடிக்கும். அது எனக்கும் தெரியும். ஒவ்வொரு லைனாக மாற்றிவிட யாராவது பேஸ்மென்டில், லைன்களைத் திறந்து மூடும் பெட்டியடியில் நிற்கவேண்டும் என்பதும் தெரியும். நான் கீழே போய் நின்றேன். ஒரு லைன் முடிந்ததும் நீங்கள் பேஸ்மென்ட் ஜன்னலில் விரலால் தட்டினீர்கள். நான் அடுத்ததை மாற்றினேன். தட்டினீர்கள். மாற்றினேன். எல்லாம் முடிந்து நான் மேலே வர வானைக் காணவில்லை.

மகள் வெளியே நின்றிருந்தாள்.

"மாமா உன்னோட கதைச்சவரோ?" என்று கேட்டேன்.

"ஓம். 'விலத்தி நில்' எண்டவர்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒக்டோபரும் அப்படித்தான். முதல் சில வருடங்கள் நான் முட்டாள்தனமாக ஆயத்தம் செய்தேன். வடை சுட்டு வைத்தேன். நல்ல சட்டை உடுத்தேன். அந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். ஜன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் எனக்கு உங்கள் சப்பாத்தும் முழங்காலும் தட்டும் விரலும் மட்டும்தான் தெரியும். வருடாவருடம் அந்த விரல் கறுத்துத் தடித்துக்கொண்டு வந்தது. கடையில் கண்ட பெண்கள், "கோவமெண்டாலும் அண்ணன் வந்து பாக்கிறார்தானே, நீர் குடுத்து வைச்சனீர்" என்றார்கள். யார் என்னைப் பார்த்தது? பைப்பைத்தான் பார்த்தீர்கள்.

போன வருடம் நீங்கள் வந்தபோது உங்கள் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கொம்பிரசரை இறக்கும்போதே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினீர்கள். நான் கீழே போய்ப் பெட்டியடியில் நின்றேன். முன்பக்கத்து லைன்களுக்குத் தட்டினீர்கள். கடைசியாகப் பின்வளவு லைன். அதற்கு மாற்றிவிட்டு நின்றேன். கொம்பிரசர் சத்தம் பாதியில் நின்றது. தட்டு வரவில்லை.

வெளியே வந்தேன். வான் கதவைத் திறந்துவிட்டு, கால் வெளியே தொங்க, நீங்கள் ஆசனத்தில் சரிந்து இருந்தீர்கள். முகம் மஞ்சளாக இருந்தது.

"அண்ணை, என்ன செய்யுது? டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

நீங்கள் எழும்பிக் குழாயைச் சுருட்டத் தொடங்கினீர்கள். நான் குழாயின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, உங்களைத்தான் கேக்கிறன்."

அத்தனை வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் என்னை நேராகப் பார்த்தீர்கள். வாய் திறந்தது.

"கதவைச் சாத்து. குளிர் உள்ள போகுது."

அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் நான் அவசரத்தில் வீட்டுக் கதவை அகலத் திறந்து விட்டிருந்தேன். சாத்திவிட்டுத் திரும்பி வருவதற்குள் வான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

தை மாதம் எனக்கு ரெலிபோன் வந்தது. அந்தக் குரலை விவாகரத்துக்குப் பிறகு நான் கேட்டதில்லை. என் கணவராக இருந்தவர். "மச்சான் மோசம் போயிட்டார்" என்று உங்கள் சாவைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு உங்களை ஏற்றி இறக்கியது அவர்தானாம். உங்களுக்குக் கஞ்சி பருக்கியதும் அவர்தானாம். வருத்தம் முற்றிவிட்டது என்று கோடையிலேயே அவருக்குத் தெரியும். என்னை அடித்தவருக்குத் தெரிந்தது, உங்களோடு ஒரு வயிற்றில் பிறந்த எனக்குத் தெரியாது. செத்தவீட்டில் அவர் குடும்பத்து ஆட்களோடு முன்வரிசையில் நின்று வந்தவர்களுக்குக் கை கூப்பினார். நானும் மகளும் கடைசிக் கதிரைகளில் இருந்தோம். "சோர்த்தோன், மமோ, போவம்" என்று மகள் பாதி பிரெஞ்சில் சொல்லி என் கையைப் பிடித்தாள். நான் போகவில்லை. பெட்டியை மூடும் மட்டும் இருந்தேன்.

மே மாதம் நானே தண்ணீரைத் திறந்தேன். முன்பக்கம் எல்லாம் ஒழுங்காக அடித்தது. பின்வளவில் புல் பொங்கிக்கொண்டு வந்தது, சேறு கிளம்பியது. நீங்கள் முடிக்காமல் விட்ட லைன் வெடித்திருந்தது. கம்பனிக்காரர் வந்து கிண்டித் திருத்திப் போனார்கள். புதுமண் போட்ட இடம் கோடை முழுக்க மொட்டையாகக் கிடந்தது.

ஆடியில் மச்சாள், உங்கள் மனைவி, அந்தக் கோபத்துக்குப் பிறகு முதன்முறையாக என் வீட்டுக்கு வந்தா. பின்வளவுக் கதவடியில் நின்று அந்த மொட்டை நிலத்தைப் பார்த்தவுடன் அழத் தொடங்கிவிட்டா.

"அவருக்கு இதுதான் கவலையாக் கிடந்தது. கடைசி நாளிலையும் என்னட்டச் சொன்னவர், 'அவளின்ர பின்வளவுப் பைப்பில தண்ணி நிக்குது, வெடிக்கப் போகுது' எண்டு. அவ்வளவு பாசம் உம்மில."

நான் அவவுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து முடியும்வரை நின்றேன்.

"மச்சாள், என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ? நான் எப்பிடி இருக்கிறன், தனிய என்ன செய்யிறன் எண்டு?"

மச்சாள் நல்ல மனுசி, அண்ணை. பொய் சொல்லலாம் என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தா.

"இல்லை" என்றா.

நீங்கள் ஒரேயடியாக வராமல் விட்டிருந்தால், எனக்கொரு அண்ணை இருந்தார் என்பதையே நான் மறந்து இருந்திருப்பேன். வந்தீர்கள். வழி தெரியும், நாள் தெரியும், இவளுக்கு என்ன தேவை என்பதும் தெரியும் என்று வருடாவருடம் காட்டிவிட்டுப் போனீர்கள். அதைப் பாசமென்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் யாரோடும் வாதாடுவதில்லை. மகள் கேட்டாலும் மாமாவைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்வதில்லை. அந்த "இல்லை"யை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை மன்னிக்கச் சொல்லி என்னிடம் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான், அண்ணை. நீங்கள் கேட்கவில்லை.