கால் கழுவும் தண்ணீர்

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்சரிவு நடந்த அன்று நான் மாதா கோயிலில் இருந்ததாகச் சொன்னது பொய். லயத்தில் என் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி வந்து கதவைத் தட்டினார். "தங்கச்சி, மலை எறங்குது, தொறம்மா" என்றார். பழைய சண்டையின் வீம்பில் நான் திறக்கவில்லை. அவர் உங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அதன்மேல் மண் விழுந்தது.

அண்ணியின் அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் என் வாசற்படியில் செம்மண் காலடிகள். துடைத்தாலும் வந்தன. ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆண்டவர் சீடர்களோட கால கழுவுனாரே. நீயும் தண்ணி வையி" என்றார்.

தினமும் முழங்காலிட்டு வெந்நீரும் துண்டும் வைத்தேன். தண்ணீர் அப்படியே ஆறிக் கிடக்கும்.

இன்று கதவையும் திறந்துவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தண்ணீர் கலங்கியிருந்தது. கழுவிய ஈரக் காலடிகள் வீட்டுக்குள் போயிருந்தன. வெளியே வந்த தடம் இல்லை.

வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உங்கள் தங்கை