வீட்டுக்கு மேலே பறந்தோம்

ஞாயிறு இரவு, சென்னை விடுதி

தூக்கம் வரவில்லை. காலையில் பாங்காக்கில் பெட்டி கட்டும்போதே அம்மா போனில் சொன்னாள், தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்று. நாங்களோ சென்னை வரை போய்த்தான் அந்தமானுக்கு, போர்ட் பிளேர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

பாதி வழியில் விமான ஜன்னலுக்குக் கீழே பச்சைப் பச்சையாகத் தீவுகள். இவர், "அரே, நம்ம ஐலண்டு வந்துடுச்சு, எழுந்திரு" என்று மேலிருந்த பையை இறக்கிக்கொண்டு நின்றுவிட்டார். இவருக்கு ஊரில் கப்பல் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை. கப்பலில் கரை தெரிந்ததும் பையோடு எழுந்துவிடுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். பணிப்பெண் வந்து உட்கார வைத்தாள். எனக்கு மானம் போனது. அதைவிட ஆத்திரம், தங்கை கீழே வலியில் கிடக்க, தலைக்கு மேலேயே தாண்டிப் போகிறோமே என்று.

சென்னையில் இறங்கியதும் கூப்பிட்டேன்.

"பொண்ணுடீ. பெரியம்மா வர்ற வரைக்கும் பொறுக்கல அவளுக்கு" என்றாள் அம்மா.

எப்போது என்று கேட்டேன். இவர் பையோடு நின்ற அதே நேரம்.

விடிந்ததும் விமானம். தீவு தெரிந்து இவர் எழுந்தால், நானும் எழுந்து நிற்பேன்.