துக்கக் காப்பியில் சர்க்கரை

அலெக்ஸாந்திரியா, ஞாயிறு மதியம்

அன்பு மகள் யும்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஸியாதும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பெர்லின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் இறைவனிடம் கேட்கிறேன். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ அழத் தொடங்கிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் பாட்டுத் தொகுப்பைப் பற்றி வருகிற விமர்சனத்தையெல்லாம் ஸியாத் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுக்கிறான், தேர்வுக்குப் படிப்பதைத் தவிர எல்லா வேலையும் செய்கிறான். தண்ணீர் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் இருபத்து மூன்று வருடம் இருந்தவளுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்பாய். தெரியாதுதான், ஆனால் படிக்கத் தெரியும். கெய்ரோ பத்திரிகையில் ராஃபத் கலீனி என்ற மேதை, மேளம் கூட்டம் எதுவும் இல்லாமல் நீ ஊத் வாத்தியம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாடிப் பதிந்ததை மூன்று பத்தி புகழ்ந்துவிட்டு, இரண்டாவது பாட்டின் பின்னால் கேட்கிற ரீங்காரம் நாடு விட்டுப் போனவளின் மௌனம் என்று எழுதியிருக்கிறார். அது உன் சமையலறை ஃப்ரிட்ஜ். போன குளிர்காலத்தில் அதன் பக்கத்தில்தானே பத்து நாள் படுத்திருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஐந்தாவது பாட்டைப் பிடித்துக்கொண்டார். அப்பா இறந்த அன்று அம்மா துக்கக் காப்பியில் சர்க்கரை போட்டாள் என்று நீ பாடுகிறாயே, அந்த அம்மா கல்நெஞ்சக்காரி என்கிறார். இன்னொரு பத்திரிகையில் ஒரு பெண், அது சடங்குக்கு எதிரான கலகம் என்று எனக்கு மாலை போடுகிறாள். துக்க வீட்டுக் காப்பிக்குச் சர்க்கரை கிடையாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், கலகம் செய்ய எனக்கு அன்று நேரம் இருந்ததா என்று இருவரும் யோசிக்கவில்லை. உன் புசைனா அத்தைக்குக் கேட்க வேண்டுமா, பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவள், "பாத்தியா மைஸா, நான் சொன்னா பொல்லாதவ, ஒம் பொண்ணு பாட்டாவே பாடிட்டா" என்றாள். மீனை ஒரு முள் விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

இப்போது நீ அந்தப் பாட்டை எடுத்துவிடப் போவதாகவும், வியாழக்கிழமை வானொலிப் பேட்டியில் எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கு வந்த எரிச்சலில் ராஃபத்துக்கும் அத்தைக்கும் பாதிதான், மீதி உனக்கு. யாரைக் கேட்டு முடிவு செய்தாய்?

ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. அன்று நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். முதல் பாத்திரம் காப்பியைப் போட்டது நீ. உனக்குப் பதினாலு வயது, தினமும் காலையில் அப்பாவுக்குப் போடுகிற மாதிரியே, தண்ணீர் வைத்ததும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டிருக்கிறாய், பழகின கை. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தாள், மற்றவர்களும் வைத்தார்கள், யார் போட்டது இது என்று அத்தை கேட்டாள். நான் போட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வேன். சமையலறைக்கு வந்து மிச்சத்தைக் கொட்டிவிட்டு உன்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா பார். பிறகு அத்தை சொன்னதைத்தான் நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய்.

இதைத் தெரிந்துகொண்டு பாட்டை மாற்றாதே. பேட்டியிலும் இதைச் சொல்லாதே, ராஃபத்துக்கு இன்னும் மூன்று பத்தி கிடைக்கும். பாட்டு இருக்கிறபடியே இருக்கட்டும், அதில் வருகிற அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்று எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள் யும்னா, நான் வைக்கவில்லை. அடிவண்டல் வரை குடித்தேன். உன் அப்பாவின் காப்பியை நம் வீட்டில் கடைசியாகக் குடித்தது நான்தான்.

இறைவன் உன் தொண்டையையும் மனதையும் காப்பாற்றட்டும், நல்லவர்களையே உன் பக்கத்தில் வைக்கட்டும். அந்த ஃப்ரிட்ஜை யாரிடமாவது காட்டு.

உன் அம்மா,
மைஸா